சர்வர் வேலை பார்த்து வாங்கிய பைக்கை கழற்றிப் போட்ட ஜி.டி.நாயுடு

கோவை: ஜி.டி.நாயுடு என்றால் எலெக்ட்ரிக் மோட்டார்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அவருக்கு மெஷின் பைத்தியம் பிடித்தது ஒரு பைக்கால்!

கோவை அருகே கலங்கலில் 1893-ல் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை பார்த்ததும் மனசு அதிலேயே நின்னு போச்சு. கோவை வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். 3 வருஷம் காசு சேர்த்து, அதே வண்டியை அதே அதிகாரியிடம் வாங்கினார்.

வேறு ஆளாக இருந்தால் ஊரை ஒரு ரவுண்டு அடித்திருப்பார். நாயுடுவோ வண்டியை அக்கு வேறு ஆணி வேறாக கழற்றிப் போட்டார். திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் 3 வருஷ உழைப்பும் பழைய இரும்புக் கடைக்குத்தான்! எந்த பார்ட்ஸ் எதற்கு என்று பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆகிவிட்டார்.

1920-ல் ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி-பழனி ரூட்டில் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்தது. மோட்டார் தயாரித்ததெல்லாம் அப்புறம், 1937-ல்.

1974-ல் காலமானார். அவிநாசி ரோட்டில் அவரது குடும்பத்தார் 2015-ல் கார் மியூசியம் திறந்தனர்.