ஸ்டாப்பரை முன்னால அனுப்பின வாத்தியார்



எங்க ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர்-ல சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போறப்ப பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல், அதுக்குப் பின்னாடி வானத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிற பாத்திகள். மழை விட்டதும் வேலை ஆரம்பிச்சா, அடுத்த மழை வரைக்கும் உப்பு வாருவாங்க. சாயங்காலம் அந்த உப்பளத்தை ஒட்டின பொட்டல்ல நாங்க ஃபுட்பால் ஆடுவோம். பாதிப் பேர் வெறுங்கால்தான். கால்ல சின்னக் கீறல் இருந்தாகூட அந்தத் தரை எரிய வெச்சுக் காட்டிக் கொடுத்துடும்.

ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு சண்டை கட்டாயம் நடக்கும். எதிர் டீம்ல பிரமாதமா ஆடுறவன் ஒருத்தன் இருப்பான். அவனை யார் புடிக்கிறது? எல்லா ஊர்லயும் சொல்ற பதில் ஒண்ணுதான்: நம்ம டீம்ல நல்ல டிஃபெண்டர் எவனோ, அவன்.

போன வருஷம் நம்ம டிபார்ட்மெண்ட் ஃபைனல்ல கேப்டனா இருந்த நானும் அதைத்தான் செஞ்சேன். எங்க பெஸ்ட் டிஃபெண்டரை அவங்க ஸ்ட்ரைக்கர் மேல நிழல் மாதிரி ஒட்ட வெச்சேன். ஸ்ட்ரைக்கர் ஒரு கோல்கூட போடல. ஆனா அவன் எங்க ஆளை ஓரத்துக்கு இழுத்துக்கிட்டே போனான். நடுவுல காலியான இடத்துல வேற ஒருத்தன் புகுந்து ரெண்டு கோல் போட்டுட்டான். மேட்ச் போச்சு. ஹாஸ்டல்ல எல்லாரும் திட்டினது அந்த டிஃபெண்டரைத்தான். அவனை அங்க நிறுத்தினது நான். ஆனா நான் வாயைத் திறக்கல.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. அங்க பந்தைப் பிடிக்க ஓடுறவர் ரிசீவர், அவரைத் தடுக்கிறவர் கார்னர்பேக். 2009-ல நியூயார்க் ஜெட்ஸ் டீமோட டாரெல் ரெவிஸ், எதிர் டீமோட பெஸ்ட் ரிசீவர் எந்தப் பக்கம் போனாலும் பின்னாடியே போவார். சியாட்டில் டீமோட ரிச்சர்ட் ஷெர்மன் பெரும்பாலும் இடது பக்கத்தை விட்டு நகர மாட்டார், யார் வந்தாலும் அங்கயே பார்த்துக்குவார். ரெண்டு பேருமே பெரிய ஆளுங்க. மூணாவதா ஒரு வழியும் உண்டு. எதிரியோட பெஸ்ட் ஆள் மேல நம்ம ரெண்டாவது ஆளையும் துணைக்கு இன்னொருத்தரையும் போட்டுட்டு, நம்ம பெஸ்ட் ஆளை அதிகமா பலன் தர்ற வேற இடத்துல வைக்கிறது.

இந்த மூணாவது வழியைப் பத்தி யோசிக்கும்போதுதான் எனக்கு ஹைதராபாத்ல இருந்த ஒரு ஸ்கூல் வாத்தியார் ஞாபகம் வந்தார். சையத் அப்துல் ரஹீம். 2024-ல வந்த மைதான் படத்துல அஜய் தேவ்கன் நடிச்சது இவர் கதைதான். படம் பார்த்தவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. நான் சொல்லப்போறது அவர் ஆளை எப்படி நிறுத்தினார்ங்கிறதை.

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17, ஹைதராபாத். உஸ்மானியா பல்கலைக்கழகத்துல படிச்சார். பள்ளிக்கூட ஆசிரியரா வேலை பார்த்தார், உடற்கல்வியும் படிச்சார். அவரும் ஃபுட்பால் ஆடினவர்தான். ஆனா அவர் பேர் நிலைச்சது கோட்டுக்கு வெளியே நின்னதாலதான். 1943-லிருந்து ஹைதராபாத் ஃபுட்பால் சங்கத்தோட செயலாளர். 1950-ல ஹைதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்குக் கோச் ஆனார். அந்த டீம் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து அஞ்சு வருஷம் ரோவர்ஸ் கோப்பையை ஜெயிச்சது. கல்கத்தாதான் ஃபுட்பாலுக்குத் தலைநகரம்னு நாடே நம்பிக்கிட்டு இருந்த காலம் அது.

அவர் பயிற்சி கொடுத்த விதம் நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்குப் பிடிக்கும். டிரிப்ளிங் செய்யவே கூடாதுன்னு ஒரு டோர்னமெண்ட் நடத்தினார். பந்து வந்தா பாஸ் பண்ணியே ஆகணும். வலுவில்லாத கால்ல மட்டும்தான் உதைக்கணும்னு இன்னொரு டோர்னமெண்ட். வலது கால் ஆட்டக்காரன் இடது காலால மட்டுமே ஆடணும். ஒருத்தன் எதுல கெட்டிக்காரனோ அதை எடுத்துட்டா, அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும் இல்லையா?

திறமை எங்க கிடந்தாலும் தேடிப் போவார். சிகந்தராபாத் பக்கத்துல ஏழைக் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம். தினமும் பயிற்சிக்கு வர்றதுக்கு அவர்கிட்ட வசதி இல்ல. சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்து வரவெச்சவர் ரஹீம் சாப்தான்னு பலராமே பின்னாளில் சொல்லியிருக்கார். அந்தப் பையன் ரெண்டு ஒலிம்பிக்ஸ் ஆடினார்.

இந்திய டீமுக்கும் ரஹீம்தான் கோச். 1951-ல டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மேவாலால் போட்ட கோல் அது. அடுத்த வருஷம் ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ். முதல் ஆட்டமே யூகோஸ்லாவியாவோட. ஸ்கோர் 10-1. தப்பா படிக்கல, பத்துக்கு ஒண்ணு. நம்ம ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோட அந்தக் குளிர்ல நின்னாங்க. நம்ம ஊர்ல 70 நிமிஷம் ஆடிப் பழகினவங்க அங்க 90 நிமிஷம் ஓடணும். பிராங்கோ செபெக்ங்கிற ஒரே ஆள் நாலு கோல் போட்டார்.

எல்லாரும் பேசினது வெறுங்காலைப் பத்தி. அதுக்கப்புறம் பூட்ஸ் கட்டாயமாச்சு, நல்லதுதான். ஆனா ரஹீம் பார்த்தது வேற ஒண்ணையும் சேர்த்து. இந்தியா அப்போ ஆடினது பழைய ரெண்டு-பேக் முறை. அஞ்சு ஃபார்வர்டு ஓடி வந்தா கடைசி வரிசையில் நிக்கிறது ரெண்டே பேர். எந்த ஃபார்வர்டுக்கு யார் பொறுப்புன்னு தெளிவா இருக்காது. ஐரோப்பாவுல அதுக்கு முன்னாடியே மூணு-பேக் முறை வந்திருந்தது. நடு ஹாஃப்பைப் பின்னால இழுத்து, எதிரியோட சென்டர் ஃபார்வர்டை மட்டும் பார்த்துக்கச் சொல்வாங்க. அவர்தான் ஸ்டாப்பர். ரெண்டு பேக்குகளுக்கு ரெண்டு விங்கர்கள். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஆள். ரஹீம் இந்தியாவை அந்த வழிக்குக் கொண்டுவந்தார்.

ஆனா அந்தக் கணக்கும் ரொம்ப நாள் நிக்கல. 1953 நவம்பர்ல ஹங்கேரி லண்டன் வெம்ப்ளிக்குப் போய் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடிச்சது. அவங்க சென்டர் ஃபார்வர்டு ஹிடெகுட்டி முன்னால நிக்காம நடுவுக்கு இறங்கி வந்து ஆடினார். இங்கிலாந்து ஸ்டாப்பர் என்ன செய்வார்? பின்னாடியே போனா கோல் பக்கம் ஓட்டை. போகலைன்னா ஹிடெகுட்டியைக் கேட்க ஆள் இல்ல. என் ஃபைனல்ல நடந்ததும் இதேதான், அளவு மட்டும் ரொம்பச் சின்னது. ஆளுக்கு ஆள்னு நிறுத்தினா மட்டும் போதாது. எதிராளி நம்ம ஆளை எங்க இழுத்துக்கிட்டுப் போவான்னும் சேர்த்து யோசிக்கணும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். நெவில் டிசோசா ஹாட்ரிக் போட, ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணிலேயே 4-2 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குப் போச்சு. ஒலிம்பிக்ஸ் ஃபுட்பால்ல அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாமதான். அங்க மறுபடியும் யூகோஸ்லாவியா. நாலு வருஷம் முன்னாடி பத்து வாங்கின அதே டீம்கிட்ட இந்தியாதான் முதல்ல கோல் போட்டது. கடைசியில் 4-1 தோல்வி, பதக்கம் இல்லாம நாலாவது இடம். 1960 ரோமில் ஹங்கேரிகிட்ட 2-1 தோல்வி, பிரான்ஸோட 1-1 டிரா. அந்த ரோம் டீம்ல ரஹீமோட மகன் ஹக்கீமும் இருந்தார்.

இப்போ 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாகிட்ட 0-2 தோல்வி. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று மேலே வந்தாச்சு. ஆனா அதுக்குள்ள பெரிய இடி. டீமோட ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி பட்டு தையல் போட்டிருந்தாங்க. அன்னைக்கு ஆசியாவிலேயே பேர் பெற்ற டிஃபெண்டர் அவர்.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? ஒண்ணு, உட்கார வைப்பீங்க. இல்லைன்னா, கட்டைப் போட்டுக்கிட்டு பழைய இடத்துலயே நிக்கச் சொல்வீங்க. ரஹீம் அவரைத் தூக்கி சென்டர் ஃபார்வர்டா போட்டார்! தடுக்கிறவரை அடிக்கிற இடத்துல. டிஃபென்ஸ்ல அருண் கோஷ் போன்றவங்க பார்த்துக்குவாங்கன்னு நம்பினார். சும்மா குருட்டாம்போக்குல செஞ்சது இல்ல. ஜர்னைல் உடம்பு பலம் உள்ளவர். வாழ்க்கை முழுக்க ஃபார்வர்டுகளைத் தடுத்தவருக்கு, டிஃபெண்டர் எதுக்குப் பயப்படுவான்னு தெரியாதா? அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம். சுனி கோஸ்வாமி ரெண்டு கோல், ஜர்னைல் ஒண்ணு.

ஃபைனல்ல மறுபடியும் தென்கொரியா, நம்மளை 2-0 அடிச்ச அதே டீம். இங்க ரஹீம் இன்னொரு மாற்றமும் செஞ்சார். அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். ஃபைனலுக்கு ஆறடிக்கு மேல உயரமான பீட்டர் தங்கராஜை இறக்கினார். உயரப் பந்துகளுக்கு அந்தக் கைகள் வேணும். ஜர்னைல் மறுபடியும் முன்னால.

1962 செப்டம்பர் 4. சுமார் ஒரு லட்சம் பேர் ஸ்டேடியத்துல. கிட்டத்தட்ட அத்தனை பேரும் நமக்கு எதிர்ப்பு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய ஒலிம்பிக் பிரமுகர் ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசியிருந்தார். அந்தக் கோபம் ஆட்டக்காரர்கள் மேல விழுந்தது. ஃபைனலுக்கு முந்தின ராத்திரி ரஹீம் பசங்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எனக்கு ஒரு பரிசு கொடுங்க, தங்கத்தைக் கொடுங்கன்னு கேட்டதா ஆட்டக்காரர்கள் பின்னாடி சொல்லியிருக்காங்க.

17-ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல். 20-ஆவது நிமிஷம் ஜர்னைல் சிங் கோல். தலையில் தையலோட ஒரு ஸ்டாப்பர், ஆசிய ஃபைனல்ல, ஃபார்வர்டா நின்னு போட்ட கோல் அது. கொரியா கடைசி நிமிஷங்களில் ஒண்ணு திருப்பினாங்க. 2-1. தங்கம். அன்னைக்கு அப்புறம் ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல இந்தியா தங்கம் வாங்கவே இல்ல.

சுமார் ஒன்பது மாசம் கழிச்சு, 1963 ஜூன் 11, நுரையீரல் புற்றுநோயில் ரஹீம் சாப் இறந்துபோனார். வயசு 53. அவர் கேட்ட பரிசு கடைசிப் பரிசாவே ஆகிடுச்சு.

மக்களே, எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச இடம் அந்தக் கோல் இல்ல. அதுக்கு முன்னாடி இருக்கிற யோசனை. எதிரியோட பெஸ்ட் ஆள் யாருன்னு பார்த்து அவன் முன்னாடி நம்ம பெஸ்ட் ஆளை நிறுத்துறது யாரும் செய்வாங்க. அப்படி நிறுத்தினா, நம்ம பெஸ்ட் ஆள் எங்க நிக்கணும்னு எதிரியே முடிவு பண்ணிடறான். ரஹீம் அந்த முடிவைத் தன் கையிலேயே வெச்சுக்கிட்டார். அப்படி வெச்சுக்க ஒரு விலை உண்டு. ஜர்னைல் முன்னால போய் கோல் போடாம, பின்னால ஓட்டை விழுந்து தோத்திருந்தா, திட்டு முழுக்க ரஹீமுக்குத்தான் விழுந்திருக்கும், ஜர்னைலுக்கு இல்ல. அதைத் தெரிஞ்சுதான் நிறுத்தினார்.

நான் அந்த இடத்துலதான் தோத்தேன். ஆளை நிறுத்தினது நான், திட்டு வாங்கினது அவன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தப்ப உப்பளத்துல அப்போதான் பாத்தி சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. வரப்புல உட்கார்ந்து அவனுக்கு ஃபோன் போட்டேன். அந்த மேட்ச்ல தப்பு என்னோடதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், இந்த வருஷம் என்னை ஃபார்வர்டா போடுறியான்னு கேட்டான்.

போட்டிருக்கேன். ஃபைனல் இயர், கடைசி டோர்னமெண்ட். அடுத்த மாசம் கிரவுண்டுக்கு வந்து பாருங்க. தோத்தா என்னைத் திட்டுங்க.