சிவகாசியில் பிறந்து மேடையிலேயே உயிர்விட்ட பாடகர்... யார் இந்த விஸ்வநாததாஸ்?

டிசம்பர் 31 ராத்திரி 12 மணி அடித்தால் ஊரெங்கும் சிவகாசி பட்டாசுதான். 1940-ல் அதே டிசம்பர் 31 அன்று, சிவகாசியில் பிறந்த ஒரு பாடகர் சென்னையில் மேடையிலேயே உயிர்விட்டார். அவர் பெயர் விஸ்வநாததாஸ்.

மறைந்த ராக் கிட்டாரிஸ்ட்டுகளுக்காக ஊர் ஊராக டிரிப்யூட் கச்சேரி நடக்கும் காலம் இது. நூறு வருஷத்துக்கு முன்பு நம்ம ஊரில் அப்படிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள் நாடக மேடைப் பாடகர்கள். அவர்களில் போலீஸ் விடாமல் துரத்திய குரல் விஸ்வநாததாஸுடையது.

பட்டாசுக்கு முந்தைய சிவகாசி

அவர் பிறந்தது 1886-ல். சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது 1923-ல்தான். அதனால் அவர் பிறந்தபோது அந்த ஊரில் பட்டாசும் இல்லை, தீப்பெட்டி ஆலையும் இல்லை. முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர், பாட்டால் நாடகத்துக்குள் வந்தார். பிறகு திருமங்கலத்தில் குடியேறினார்.

ஸ்பெஷல் நாடகம்னா என்ன?

நிரந்தர கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், மிருதங்கம் எனத் தனித்தனியாக ஆட்களை ஒப்பந்தம் செய்வார்கள். எல்லோரும் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகையே தேவையில்லை. நடுவில் சொந்தமாகப் பாட்டையும் பேச்சையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விஸ்வநாததாஸ் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். கதை புராணம், அதற்குத் தடை போடுவது கஷ்டம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் வள்ளியிடம் முருகன் வந்து பாடுவார். அங்கே ஒரு வெள்ளைக் கொக்கு பாட்டுக்குள் வரும். அந்தக் கொக்கு யார் என்று முன்வரிசைக்கும் தெரியும், ஓரமாக நிற்கும் போலீஸுக்கும் தெரியும். 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் மேடையில் பாடினார். கைதாவார், சிறைக்குப் போவார். வெளியே வந்ததும் மறுபடி அதே பாட்டைப் பாடுவார்.

வள்ளியாக நடிக்க மறுத்தவர்கள்

எதிர்ப்பு அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. மேடையில் அவர் முருகன். ஆனால் அவருடைய சாதியைக் காரணம் காட்டி, ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தார்கள். தேசத்துக்காகப் பாடியவரைச் சக கலைஞர்களே ஒதுக்கிய காலம் அது.

அப்போது துணிந்து அவருடன் நடித்தவர் மதுரையைச் சேர்ந்த கே.பி.ஜானகி அம்மாள். அவரும் பின்னாளில் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். கம்யூனிஸ்ட் தலைவராக வளர்ந்து, 1967-ல் மதுரை கிழக்கு எம்.எல்.ஏ. ஆனார்.

கடைசி ராத்திரி

கைது, வழக்கு என்றே வருஷங்கள் ஓடியதில் கடன் சேர்ந்தது. உடம்பும் தளர்ந்தது. ஆனாலும் நாடகத்தை விடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். வயது 54. சுதந்திரத்துக்கு இன்னும் ஆறரை வருஷம் இருந்தது.

இன்று?

திருமங்கலத்தில் அவருக்குத் தமிழக அரசின் நினைவு இல்லம் இருக்கிறது. மதுரையிலிருந்து சிவகாசிக்குப் பட்டாசு வாங்கப் போகிறவர்கள் கடந்து போகும் ஊர்தான் அது. தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்னமும் விடிய விடிய நடக்கிறது. வருகிற சீசனில் பார்க்க நேர்ந்தால், முருகன் தினைப்புனத்துக்குள் நுழையும்போது மட்டும் போனை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் அந்தக் காட்சிக்காகவே போலீஸ் காத்திருந்தது.