விடையைத் தாமே தேடிய மாணவர்

தமிழ்நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் பிறந்தார். அவருடைய தந்தையார் உழவுத் தொழில் செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்றவர். கிருஷ்ணன் சொந்த ஊரிலும் அருகிலுள்ள திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்றார்.

உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஆர்க்கிமிடீஸ் கோட்பாடு பற்றிய வினா ஒன்று தேர்வில் வந்தது. நீரில் மூழ்கிய பொருள், தான் வெளியேற்றும் நீரின் எடைக்குச் சமமான எடையை இழப்பதாகத் தோன்றும் என்பதே அக்கோட்பாடு. நம் நாட்டு இடைநிலைப்பள்ளி இயற்பியல் பாடத்திலும் இன்று இது இடம்பெறுகிறது. கிருஷ்ணன் கோட்பாட்டை எழுதியதோடு நிற்கவில்லை. அதைக் கொண்டு பொருள்களின் அடர்த்தியை அளக்க உதவும் கருவி ஒன்றைத் தாமே சிந்தித்து விடைத்தாளில் விளக்கினார். ஆசிரியர் வியந்தார். அத்தகைய கருவிக்கு நிக்கல்சன் திரவமானி என்ற பெயர் உண்டு என்பதைக் கிருஷ்ணன் பின்னரே அறிந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் நிக்கல்சன் அதனை 18ஆம் நூற்றாண்டிலேயே உருவாக்கியிருந்தார்.

இக்கருவி நீரில் நிமிர்ந்து மிதக்கும். அதன் மேலே ஒரு தட்டும், நீருக்குள் ஒரு கூடையும் இருக்கும். இடையில் உள்ள தண்டில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறி வரை கருவி அமிழ, மேல்தட்டில் 100 கிராம் எடைக்கல் தேவைப்படுகிறது என்று கொள்வோம். ஓர் உலோகத் துண்டை மேல்தட்டில் வைத்தால் 46 கிராம் எடைக்கல்லே போதுமானதாகிறது. எனவே, உலோகத்தின் எடை 54 கிராம். அதே துண்டை நீருக்குள் உள்ள கூடையில் இட்டால் 66 கிராம் தேவைப்படுகிறது. அப்படியானால், உலோகம் நீருக்குள் 20 கிராம் எடையை இழந்ததாகத் தோன்றுகிறது. 54ஐ 20ஆல் வகுத்தால் 2.7 கிடைக்கும். உலோகம் நீரைப்போல் 2.7 மடங்கு அடர்த்தி உடையது. அது அலுமினியமாக இருக்கலாம்.

ஒருவர் முன்பே கண்டதை மீண்டும் கண்டதால் என்ன பயன் என்று சிலர் எண்ணலாம். சூத்திரத்தை மனனம் செய்தவர் பழகிய கணக்கை மட்டுமே செய்வார். அதன் காரணத்தை உணர்ந்தவரோ இதுவரை பார்த்திராத கணக்கையும் அணுகுவார். அந்தத் துணிவைத்தான் கிருஷ்ணன் பள்ளிப் பருவத்திலேயே பெற்றார்.

அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். சென்னையில் வேதியியல் செய்முறைப் பயிற்றுநராகப் பணியாற்றியபோது, மதிய உணவு இடைவேளையில் மாணவர்களோடு கலந்துரையாடத் தொடங்கினார். இயற்பியல், கணிதம், வேதியியல் என எந்தப் பாடத்தில் ஐயம் எழுந்தாலும் மாணவர்கள் கேட்கலாம். தேர்வோ புள்ளியோ இல்லாத அந்த வகுப்புக்குப் பிற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனர்.

1920ஆம் ஆண்டு, சர் சி.வி. இராமனிடம் பயில விரும்பிக் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். 1923 முதல் அங்குள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவருடன் ஆய்வு செய்தார். ஒளி ஒரு பொருளின் ஊடே சிதறும்போது அதன் நிறத்தில் நுண்ணிய மாற்றம் ஏற்படுவதை 1928ஆம் ஆண்டு அவர்கள் கண்டனர். அது இராமன் விளைவு எனப் பெயர் பெற்றது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. எனினும், கிருஷ்ணனின் ஆய்வுப் பணி தளரவில்லை. படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 1940ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரும் அவரே. தமிழிலும் அவர் கட்டுரைகள் எழுதினார்.

1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். அவருடைய அறிவியல் பயணத்தின் முதல் அடி, ஆய்வுக்கூடத்தில் அன்று, ஒரு பள்ளி மாணவரின் விடைத்தாளில் எடுத்து வைக்கப்பட்டது.