மருத்துவர் வில்லியம் கோலியும் புற்றுக்கட்டிக்கு எதிரான உடலின் எதிர்ப்பாற்றலும்

கிருஷ்ணகிரி மாவட்டம் உத்தனப்பள்ளியில் பிறக்கும் குழந்தைக்கும், தமிழகத்தின் பிற ஊர்களில் பிறக்கும் குழந்தைக்கும் இடது மேற்கையில் போடப்படும் பிசிஜி ஊசி, காசநோயைத் தடுப்பதற்கானது. அவ்வூசியிலுள்ள வலுக்குறைந்த பாக்டீரியாவே, கூடுதல் அளவில், தொடக்கநிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்தாகிறது. பாக்டீரியாவைக் கொண்டு புற்றுக்கட்டியைக் கரைக்கலாம் என்று முதன்முதலில் பிடிவாதமாக முயன்றவர்களுள் முதன்மையானவர், அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் கோலி.

கோலி 1862 ஜனவரி 12 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, நியூயார்க்கில் பணியில் சேர்ந்தார். 1890-இல் 17 வயதுப் பெண்ணொருவர் கையில் சார்கோமா எனும் புற்றுக்கட்டியுடன் அவரிடம் வந்தார். முன்கை அகற்றப்பட்டும் நோய் உடலெங்கும் பரவி, சில மாதங்களில் அப்பெண் இறந்தார். 28 வயதே நிரம்பியிருந்த கோலியை அம்மரணம் உலுக்கியது.

அவர் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்துக்கட்டிக்குப் பலமுறை அறுவை செய்தும் பயனடையாத நோயாளி ஒருவரின் குறிப்பு கிடைத்தது. அறுவைப் புண்ணில் எரிசிபெலஸ் என்னும் தோல் தொற்று ஏற்பட்டுக் கடுங்காய்ச்சல் கண்டபின், அவரது கட்டி மறைந்திருந்தது. கோலி குடியிருப்புகளில் வீடு வீடாகத் தேடி, ஆண்டுகள் பல கடந்தும் அம்மனிதர் நலமாக வாழ்வதைக் கண்டார்.

1891-இல் கோலி உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை நோயாளி ஒருவரின் கட்டியில் செலுத்தினார். கடுங்காய்ச்சலுக்குப் பின் கட்டி சுருங்கியது. நோயாளி மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இம்முறையில் தொற்று மிகுந்து இறந்தோரும் உண்டு. ஆகவே 1893 முதல், கொல்லப்பட்ட இருவகைப் பாக்டீரியாக்களின் கலவையைப் பயன்படுத்தினார். அதுவே பின்னர் கோலி நச்சு எனப் பெயர் பெற்றது.

அன்று கோலிக்குத் தெரியாதிருந்த காரணம் இன்று பெருமளவு விளங்கியுள்ளது. புற்றுக்கட்டிக்குள் புற்றுசெல்கள் மட்டும் இருப்பதில்லை. நோய் எதிர்ப்பு செல்களும் உள்ளன. ஆயினும் புற்றுசெல்கள் உடலின் சொந்த செல்களிலிருந்தே தோன்றுவதால், அவற்றை அந்நியம் என அறிவது எளிதன்று. மேலும், தம்மைத் தாக்க வரும் டி செல்களைச் செயலிழக்கச் செய்யும் புரதங்களையும் அவை தாங்குகின்றன. பாக்டீரியாவின் கூறுகள் கட்டிக்குள் புகும்போது, விழுங்கு செல்களும் கிளைச்செல்களும் அபாயத்தை உணர்ந்து விழித்தெழுகின்றன. கிளைச்செல்கள் புற்றின் அடையாளப் புரதங்களை நிணநீர் முடிச்சுகளுக்கு எடுத்துச் சென்று டி செல்களுக்குக் காட்டுகின்றன. அவ்வாறு பயிற்சி பெற்ற டி செல்கள் கட்டிக்குத் திரும்பி, அப்புரதம் உள்ள செல்களை அழிக்கின்றன.

கோலியின் மருந்து எல்லோருக்கும் பயனளிக்கவில்லை. கலவையின் வலிமை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபட்டது. நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த பதிவுகளும் சீராக இல்லை. அக்காலத்தில் கதிரியக்கச் சிகிச்சை வேகமாகப் பரவியது. அதன் ஆதரவாளரும் புகழ்பெற்ற நோய்க்குறியியலாளருமான ஜேம்ஸ் யூயிங், கோலியின் முறையைக் கடுமையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு முழுவதையும் அநீதி என்று கூறிவிட இயலாது. சான்றுகள் உண்மையாகவே போதாதிருந்தன. 1936 ஏப்ரல் 16 அன்று கோலி காலமானார். அவரது முறையும் மெல்ல வழக்கொழிந்தது.

மருத்துவப் பயிற்சி பெறாத அவரது மகள் ஹெலன், தந்தையின் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 1953-இல் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். டி செல்களின் தடையை நீக்கும் வழியைக் கண்டறிந்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகியோர் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வழியில் உருவான மருந்துகள் இந்தியாவிலும் பயன்பாட்டில் உள்ளன. அவையும் சிலவகைப் புற்றுக்கு, சிலருக்கே பலனளிக்கின்றன.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கான பிசிஜி சிகிச்சை 1976-இல் கனடாவில் முதன்முதலாக அறிக்கையிடப்பட்டது. கட்டி அகற்றப்பட்ட பின், மெல்லிய குழாய் வழியாக மருந்து சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படுகிறது. வழக்கமாக வாரம் ஒருமுறை, ஆறு வாரங்களுக்கு இது அளிக்கப்படும். அந்நாட்களில் லேசான காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் காணப்படலாம். காய்ச்சல் நீடித்தாலோ மிகுந்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.