ஹகீம் இப்னு ஸீனாவும் நரம்பு நோய்களும்

வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டால், நம்மில் பலர் முதலில் தேடி ஓடுவது தகடு எழுதுகிறவரைத்தான். பெரியவர் ஒருவர் காலையில் எழும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தால், காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். நோய் கண்டது பெண் பிள்ளையாக இருந்தாலோ, நாளை நிக்காஹ் பேச்சுக்குத் தடையாகுமென்று நோயையே மூடி மறைத்துவிடுகிறோம்.

ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சிறு வயதில் குர்ஆனை மனனம் செய்த ஒரு ஹகீம், இவை மூளையிலும் நரம்பிலும் உண்டாகும் நோய்கள் என்று விரிவாக எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள்தாம் ஷைகுர் ரஈஸ் என்று புகழப்படும் அபூ அலீ இப்னு ஸீனா.

பிறப்பும் கல்வியும்

ஹிஜ்ரி 370-ல் (கி.பி. 980), புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார்கள். தந்தை அப்துல்லாஹ் பல்கு நகரத்தவர். ஸாமானிய அரசில் அலுவல் பார்த்தவர். தாயார் பெயர் ஸிதாரா. பத்து வயது நிறையும்போதே குர்ஆனையும் அரபு இலக்கியத்தில் பெரும் பகுதியையும் ஓதி முடித்துவிட்டார்கள். இந்தியக் கணக்கு முறையைக் கற்றது ஒரு காய்கறி வியாபாரியிடம். ஃபிக்ஹுச் சட்டங்களை இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்ற பெரியாரிடம் ஓதினார்கள். கற்றுக்கொடுப்பவர் யார், அவர் தொழில் என்ன என்று பார்க்காமல் இல்மைத் தேடிய பிள்ளை அது.

ஏதேனும் ஒரு கணக்கு விளங்காமல் போனால், ஒளுச் செய்து பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது, அல்லாஹ்விடம் துஆக் கேட்பார்களாம். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூல் ஒன்றை நாற்பது தடவை படித்தும் பொருள் விளங்கவில்லை. பிறகு கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபியின் சிறு கிதாபு ஒன்று அதை விளக்கிவிட்டது. மறுநாளே அதற்கு நன்றியாக ஏழைகளுக்கு ஸதகாக் கொடுத்தார்கள். இவற்றை அவர்களே தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்கள்.

பதினாறு வயதிலேயே மருத்துவத்தில் தேர்ந்தார்கள். வயதில் மூத்த மருத்துவர்கள் வந்து அவர்களிடம் பாடம் கேட்டனர். அந்நாளில் புகாராவின் அமீர் நூஹ் பின் மன்ஸூர் நோயுற்றபோது சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார்கள். பரிசாக அவர்கள் வேண்டியது பொன்னுமல்ல, நிலமுமல்ல. அரண்மனை நூலகத்தில் படிக்க அனுமதி!

அலைச்சலிலே பிறந்த நூல்

தந்தை காலமானபோது அவர்களுக்கு வயது 22. ஸாமானிய அரசும் சரிந்தது. அதன்பின் நிம்மதியாக ஓரிடத்தில் தங்கக் கொடுத்துவைக்கவில்லை. குர்கான்ஜ், ஜுர்ஜான், ரய், ஹமதான் என்று ஊர் ஊராக அலைந்தார்கள். ஜுர்ஜானில் வந்து சேர்ந்த ஜூஸ்ஜானீ என்ற மாணவர் கடைசிவரை பிரியவில்லை. ஆசிரியர் சொல்லாமல் விட்ட வரலாற்றை எழுதியவர் இவரே.

ஹமதானின் அமீர் ஷம்ஸுத் தவ்லாவின் வயிற்று வலியைத் தீர்த்ததால் மந்திரி பதவி கிடைத்தது. ஆனால் படைவீரர்கள் கலகம் செய்து, வீட்டைச் சூறையாடி, அவர்களைக் கொல்லவேண்டும் என்றனர். நாற்பது நாட்கள் நண்பர் வீட்டில் மறைந்திருக்க நேர்ந்தது. அமீருக்கு மீண்டும் வலி வரவே, மீண்டும் அழைப்பு வந்தது! பகலெல்லாம் அரசு வேலை. இரவில் மாணவர்களுக்குப் பாடம். இத்தகைய வாழ்விலேதான் ‘அல்கானூன் ஃபித் திப்பு’ என்னும் மருத்துவப் பெருநூல் உருவாயிற்று. பின்னர் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறையிருந்தபோதும் எழுதுகோல் ஓயவில்லை.

மூளையும் நரம்பும்

கானூன் ஐந்து பாகங்கள் கொண்டது. மூன்றாம் பாகம் தலையிலிருந்து பாதம்வரை ஒவ்வோர் உறுப்பின் நோயையும் கூறுகிறது. அதன் தொடக்கமே மூளை. அதை அடுத்து நரம்பு நோய்கள். புக்ராத், ஜாலினூஸ் ஆகிய கிரேக்க மருத்துவர்கள் சொன்னவற்றை மறைக்காமல் எடுத்துக்கொண்டு, ஒழுங்குபடுத்தித் தம் அனுபவத்தையும் சேர்த்தார்கள்.

உணர்ச்சிக்கும் அசைவுக்கும் தலைமை மூளையே. அதன் ஆணை நரம்பு வழியாக உறுப்புகளுக்குச் செல்கிறது என்பது அவர்கள் விளக்கத்தின் அடிப்படை. வலிப்பை ஸரஉ என்றும், பக்கவாதத்தை ஃபாலிஜ் என்றும், வாய் கோணுவதை லக்வா என்றும், நடுக்கத்தை ரஃஷா என்றும், மரத்துப்போவதைக் கதர் என்றும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் காரணம், அடையாளம், சிகிச்சை ஆகியவற்றை எழுதினார்கள். நடுக்கத்தைப் பற்றி அவர்கள் சொல்வது நுட்பமானது: மனம் கையைத் தூக்க நினைக்கிறது, பலவீனத்தால் கையின் பாரம் கீழே இழுக்கிறது, இரண்டும் கலப்பதே நடுக்கம். முதுமை, அச்சம், மதுப்பழக்கம் முதலியவற்றையும் அதற்குக் காரணங்களாகச் சேர்த்தார்கள். லக்வா சில வேளை ஃபாலிஜுக்கு முன்னறிவிப்பாக வரலாம் என்றும் எச்சரித்தார்கள்.

ஸக்தா என்னும் கடும் மூளைத் தாக்குதலில் விழுந்தவர் சில வேளை மையித்தைப் போலவே கிடப்பார். ஆகவே, மரணம் சந்தேகமாயிருந்தால், உண்மை தெளிவாகும்வரை, குறைந்தது 72 மணி நேரம், அடக்கம் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கருவிகள் இல்லாத அக்காலத்தில் ஓர் உயிரைக் காக்க அவர்கள் கொண்ட கவலையைப் பாருங்கள்.

ஜின்னைப் பற்றிய கேள்வி

மாலிகோலியா என்ற மனச்சோர்வு நோயைப் பற்றி எழுதும்போது ஒரு முக்கியமான விஷயத்தைத் தொடுகிறார்கள். இது ஜின்னால் வருகிறதென்று சிலர் கருதுகின்றனர். மருத்துவத்தைக் கற்பிக்கும் நமக்கு அந்தக் கேள்வி வேண்டியதில்லை என்கிறார்கள். ஜின்னால் வந்ததென்றே வைத்துக்கொண்டாலும், உடலின் தன்மை கெட்டுத்தானே நோய் உண்டாகிறது? மருத்துவன் அந்த நெருங்கிய காரணத்தைப் பார்த்துச் சிகிச்சை செய்யவேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

ஜின் இனம் உண்டு என்பது நமது நம்பிக்கை. ஆனால் அதைக் காட்டி நோயாளிக்கு மருந்தை மறுக்க மார்க்கத்தில் இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளர் இருந்த தனியார் விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டு ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் அல்லவா?

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பொறுத்தால் சுவர்க்கம் உண்டென்று கூறி, விரும்பினால் நோய் நீங்கவும் துஆச் செய்வதாகச் சொன்னார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, விழும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். அவ்வாறே துஆச் செய்தார்கள். அந்தப் பெண்மணியை யாரும் ஒளித்துவைக்கவில்லை, இழிவாகப் பேசவுமில்லை.

பிற்கால ஆராய்ச்சி

இப்னு ஸீனா சொன்ன யாவும் சரியென்று கொள்ளவேண்டாம். சளி, பித்தம் முதலியவற்றின் கேடே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கை இன்று நிற்கவில்லை. நடுக்குவாதத்தை 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விளக்கினார். மனித மூளையின் மின் அலைகளை 1924-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்து, 1929-ல் வெளியிட்டார். மூளையில் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பு என்று இன்று அறிகிறோம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அது அடங்கிவிடும். ஃபாலிஜ் என்பது மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஆகவே வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இப்னு ஸீனாவின் தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வன்மையாக மறுத்தார்கள். அதே இமாமவர்கள்தாம், மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா என்று இஹ்யாவில் எழுதினார்கள். கானூன் 12-ஆம் நூற்றாண்டில் டோலிடோவில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாயிருந்தது.

இறுதி நாட்கள்

பிற்பாடு இஸ்ஃபஹானில் அலாவுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்தார்கள். பலருக்குத் தீர்த்துவைத்த அதே வயிற்று வலி அவர்களையே பிடித்தது. இனி மருந்து பயன்படாதென்று தெரிந்ததும் சிகிச்சையை நிறுத்தி, பொருளை ஏழைகளுக்குக் கொடுத்து, அடிமைகளை விடுதலை செய்தார்கள். மூன்று நாளைக்கொரு முறை குர்ஆனை ஓதி முடித்தார்கள். ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) ஹமதானில் வஃபாத்தானார்கள். அவர்கள் கப்ர் அங்கேயே இருக்கிறது.

மருந்து உள்ளவரை மருந்தை நாடினார்கள். அது முடிந்தபின் பொறுமையோடு ரப்பை நாடினார்கள். நம் வீட்டு நோயாளிகளை மறைக்காமல், கட்டிவைக்காமல், மருந்தும் துஆவும் சேர்த்துக் கவனிக்க வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.