ரம்ஃபோர்டு பிரபு

ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்படும் சர் பெஞ்சமின் தாம்சன் (மார்ச் 26, 1753 – ஆகஸ்ட் 21, 1814) அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்து, பவேரியா, பிரான்சு ஆகிய நாடுகளில் வாழ்ந்த இயற்பியலாளரும் புத்தாக்குனரும் ஆவார். வெப்பம் என்பது ஒரு பாய்மப் பொருள் அல்ல, அது இயக்கத்தின் ஒரு வடிவம் என்பதற்கு ஆதாரமாக அமைந்த பீரங்கிச் சோதனைக்காக இவர் இயற்பியல் நூல்களில் குறிப்பிடப்படுகிறார். சமையலறை அடுப்பை வெப்பமானியின் துணையுடன் ஆராய்ந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். நன்றாகச் சமைப்பதற்குப் பெரிய நெருப்பு தேவையில்லை, கட்டுப்படுத்தப்பட்ட வெப்பமே தேவை என்பது இவர் தம் ஆய்வுகளின் வழியே கண்ட முடிவாகும். இறைச்சியை மூடிய அடுப்பில் குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைக்கும் முறையின் வரலாற்றில் இவருக்குத் தனி இடம் உண்டு.

இளமைக் காலம்

தாம்சன் மாசசூசெட்சில் உள்ள ஓபர்ன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இவர் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். 13ஆம் வயதில் சேலம் நகரில் ஒரு வணிகரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பின்னர் பாஸ்டனில் ஒரு கடையில் பணியாற்றினார். சிறிது காலம் ஒரு மருத்துவரிடமும் பயின்றார். நண்பர் லோமி பால்ட்வினுடன் ஆர்வர்டு கல்லூரிக்குச் சென்று பேராசிரியர் ஜான் வின்திராப்பின் இயற்பியல் விரிவுரைகளைக் கேட்டார்.

1772இல் நியூ ஆம்ப்சயரில் உள்ள காங்கார்டு நகரில் ஆசிரியரானார். இந்நகரின் முந்தைய பெயர் ரம்ஃபோர்டு ஆகும். அதே ஆண்டில் தம்மைவிட வயதில் மூத்தவரும் செல்வந்தருமான சாரா ரோல்ஃப் என்ற கைம்பெண்ணை மணந்தார். 1774இல் இவர்களுக்கு சாரா என்ற மகள் பிறந்தாள். ஆளுநர் வென்ட்வொர்த்தின் ஆதரவால் இவர் மாநிலப் படையில் மேஜர் பதவி பெற்றார்.

அமெரிக்க விடுதலைப் போராட்டம் மூண்டபோது தாம்சன் பிரித்தானிய ஆட்சியின் பக்கம் நின்றார். மக்களின் சினத்துக்கு அஞ்சி, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஊரைவிட்டு வெளியேறினார். 1775இல் குடியேற்றவாதிகளின் படை பற்றிய செய்திகளைக் கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிப் பிரித்தானியருக்கு அனுப்பிய கடிதம் ஒன்று இவருடையது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1776இல் பிரித்தானியப் படை பாஸ்டனைக் கைவிட்டபோது இங்கிலாந்து சென்றார். 1792இல் இறந்த தம் மனைவியை இவர் மீண்டும் பார்க்கவேயில்லை.

இங்கிலாந்தில்

இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் ஜெர்மெய்ன் பிரபுவின் அலுவலகத்தில் சேர்ந்து, 1780இல் துணைச் செயலாளர் பதவிக்கு உயர்ந்தார். வெடிமருந்து பற்றிய சோதனைகளுக்காக 1779இல் வேந்திய கழகத்தின் உறுப்பினரானார். 1784இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இவருக்கு சர் பட்டம் வழங்கினார். அதே ஆண்டில் பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் பணியில் சேர்ந்தார்.

பவேரியாவில்

மியூனிக் நகரில் தாம்சன் படைத்துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். படைவீரர்களுக்கு உடையும் உணவும் குறைந்த செலவில் கிடைக்க வேண்டும் என்பதே இவரது வெப்ப ஆய்வுகளுக்குத் தூண்டுகோலாக அமைந்தது. கம்பளி, பருத்தி, பட்டு, மென்மயிர் முதலியவற்றை வெப்பமானியின் குமிழைச் சுற்றி வைத்து, அது குளிர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தார். துணியின் இழைகளுக்கிடையே சிக்கியுள்ள காற்றே வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது என்று கண்டார். இவ்வாய்வுகளுக்காக வேந்திய கழகம் 1792இல் இவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

1790 சனவரி 1 அன்று மியூனிக் நகரின் பிச்சைக்காரர்களை ஒரே நாளில் பிடித்து, அவர்களுக்கு வேலையும் உணவும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு வாரத்தில் சுமார் 2,600 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுக்காக அமைக்கப்பட்ட தொழில் இல்லத்தின் சமையலறையில் நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு சமைக்கப்பட்டது. பார்லி, உலர்ந்த பட்டாணி, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டுகள், வினிகர், உப்பு ஆகியவை சேர்ந்த அந்தக் கஞ்சி பின்னாளில் ரம்ஃபோர்டு சூப் என்ற பெயரில் ஐரோப்பாவின் பல நகரங்களில் ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. மியூனிக் நகரின் புகழ்பெற்ற ஆங்கிலப் பூங்காவும் 1789இல் இவரது முயற்சியால் உருவானதே.

1792இல் புனித உரோமைப் பேரரசின் பிரபுவாக உயர்த்தப்பட்டபோது, முன்பு தாம் விட்டோடிய ஊரின் பழைய பெயரான ரம்ஃபோர்டு என்பதையே தம் பட்டப் பெயராகத் தெரிவு செய்தார்.

மூடிய அடுப்பு

அக்காலத்து ஐரோப்பியச் சமையலறைகளில் திறந்த நெருப்பே வழக்கமாக இருந்தது. மேடையின் மீது விறகை எரித்து, அதன் மேல் பாத்திரங்களைத் தொங்கவிட்டும், நெருப்பின் முன் கம்பியில் இறைச்சியைச் சுழற்றியும் சமைத்தனர். வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று. சமைப்பவர் புகையிலும் அனலிலும் துன்புற்றார்.

ஏழைகளுக்கான சமையலறையில் உணவுப் பொருளைப் போலவே விறகும் ஒரு பெருஞ்செலவு என்பதை ரம்ஃபோர்டு உணர்ந்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் செங்கல்லால் மூடப்பட்ட சிறு அடுப்பைக் கட்டினார். சாம்பல் குழியின் கதவில் காற்று நுழையும் துளைகளைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் அமைப்பும், புகை செல்லும் வழியில் ஓர் அடைப்புத் தகடும் வைத்தார். காற்றைக் குறைத்தால் நெருப்பு அடங்கும், கூட்டினால் எழும். விறகைச் சேர்க்காமலும் எடுக்காமலும் வெப்பத்தை ஆள்வதற்கு இவ்விரு கட்டுப்பாடுகளும் போதுமானவையாக இருந்தன.

கொதிக்கும் நீரின் அடியில் எவ்வளவு விறகு எரித்தாலும் அந்நீரின் வெப்பநிலை மேலும் உயராது என்பதையும் இவர் வலியுறுத்தினார். கூடுதல் நெருப்பு நீரை விரைவாக ஆவியாக்குமே தவிர, உணவை விரைவாக வேகவைக்காது. இது அறிவியலாளர்களுக்குத் தெரிந்த செய்தியே ஆயினும் சமையலறைக்கு எட்டாத செய்தியாக இருந்தது.

ஆட்டிறைச்சிச் சோதனை

மியூனிக் தொழில் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கை உலர்த்துவதற்காக ரம்ஃபோர்டு ஒரு கருவி அமைத்திருந்தார். அதில் இறைச்சியை வாட்ட முடியுமா என்று அறிய விரும்பி, ஓர் ஆட்டின் முன்னந்தொடையை ஒரு நாள் உள்ளே வைத்தார். மூன்று மணி நேரம் கழிந்தும் அது வெந்ததாகத் தெரியவில்லை. வெப்பம் போதவில்லை என்று முடிவு செய்து, மனச்சலிப்புடன் வீடு திரும்பினார். இரவாகிவிட்டதால் சமையல் பணிப்பெண்கள் இறைச்சியைக் கருவியிலேயே விட்டுச் சென்றனர். அவர்கள் செல்லும் முன்பே அதன் நெருப்பு அணைந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை இறைச்சியை வெளியே எடுத்துச் சமைக்க வந்தவர்கள் வியப்படைந்தனர். அது முழுவதும் வெந்து, மென்மையாகவும் மிகுந்த சுவையுடனும் இருந்தது. சாறு வற்றவில்லை, மேற்புறமும் கருகவில்லை. தோல்வியென்று தாம் கைவிட்ட சோதனையிலிருந்து, மென்மையான வெப்பம் நீண்ட நேரம் செயல்பட்டால் இறைச்சி சிறப்பாக வேகும் என்ற முடிவை ரம்ஃபோர்டு பெற்றார். அன்று குறைவாக இருந்தது வெப்பம் அல்ல, நேரமே.

இதன் காரணம் இன்று நன்கு விளங்கியுள்ளது. இறைச்சியின் கடினமான பகுதிகளில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுந்துள்ளது. இது ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் மெதுவாகக் கரைந்து மென்மையான செலாட்டினாக மாறுகிறது. இம்மாற்றத்துக்குப் பல மணி நேரம் தேவை. வெப்பத்தை மட்டும் கூட்டினால் தசை நார்கள் சுருங்கிச் சாற்றை வெளியேற்றிவிடும். கொலாஜன் கரையும் முன்பே இறைச்சி உலர்ந்துவிடும்.

வெப்பச் சலனமும் பீரங்கிச் சோதனையும்

வேகவைத்த ஆப்பிள் போன்ற கெட்டியான உணவுகள் தண்ணீரைவிட நெடுநேரம் சூடாக இருப்பதை ரம்ஃபோர்டு கவனித்தார். பின்னர், பெரிய சாராய வெப்பமானி ஒன்று சன்னலருகே குளிர்ந்துகொண்டிருந்தபோது, அதனுள் இருந்த தூசித் துகள்கள் நடுவில் மேலேறியும் ஓரங்களில் கீழிறங்கியும் வருவதைக் கண்டார். நீர்மங்களில் வெப்பம் பரவுவது பெரும்பாலும் இத்தகைய ஓட்டங்களால்தான் என்றும், கெட்டியான உணவில் இவ்வோட்டங்கள் தடைபடுகின்றன என்றும் 1797இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பெரிய இறைச்சித் துண்டின் நடுப்பகுதி மிக மெதுவாகவே சூடேறுவதும் இதையொத்த காரணத்தாலேயே ஆகும்.

மியூனிக் படைக்கலச் சாலையில் பித்தளைப் பீரங்கிகள் துளையிடப்படும்போது பெரும் வெப்பம் தோன்றுவதையும் இவர் ஆராய்ந்தார். மழுங்கிய துளைக்கருவியை நீருக்குள் வைத்து, குதிரைகளின் ஆற்றலால் பீரங்கியைச் சுழலச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் நீர் கொதித்தது. உராய்வு தொடரும் வரை வெப்பம் தோன்றிக்கொண்டேயிருந்ததால், அது பொருளுக்குள் அடங்கியிருந்த ஒரு பாய்மமாக இருக்க முடியாது என்று 1798இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார்.

இலண்டனும் ரம்ஃபோர்டு வாட்டடுப்பும்

1795இல் இலண்டன் திரும்பிய ரம்ஃபோர்டு, வீடுகளில் புகை நிறைவதைத் தடுக்கும் கணப்படுப்பை வடிவமைத்தார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கி, அடுப்பின் பக்கங்களைச் சாய்வாக அமைத்ததே இதன் சிறப்பாகும். 1799இல் சோசப் பேங்க்சு முதலியோருடன் இணைந்து இலண்டனில் ராயல் இன்ஸ்டிடியூசனை நிறுவினார். 1801இல் இளம் வேதியியலாளர் அம்ஃப்ரி டேவி அங்குப் பணியமர்த்தப்பட்டார்.

இக்காலத்தில் வெளியான சமையலறை பற்றிய விரிவான கட்டுரையில் வாட்டடுப்பை இவர் விளக்கினார். இது இரும்புத் தகட்டால் ஆன உருளை ஆகும். இதன் கீழே நெருப்பு எரியும். நெருப்பினூடே செல்லும் இரு குழாய்கள் சூடான உலர் காற்றை உள்ளே கொண்டுவரும். மேலே நீராவி வெளியேற ஒரு குழாயும் அதற்கு ஓர் அடைப்பும் உண்டு. குழாய்களை மூடிவைத்து இறைச்சியை மெதுவாக வேகவைத்து, இறுதியில் அவற்றைத் திறந்து நெருப்பைக் கூட்டினால் மேற்புறம் பொன்னிறமாகும். சொட்டும் கொழுப்பு கருகித் தீய்ந்த மணம் வராமலிருக்க, அதை ஏந்தும் தட்டின் கீழ் நீர் நிரப்பிய மற்றொரு தட்டு வைக்கப்பட்டது. அமெரிக்காவின் போர்ட்சுமவுத் நகரில் ரண்ட்லெட்–மே இல்லத்தில் இத்தகைய வாட்டடுப்பு ஒன்று பாதுகாக்கப்பட்டுள்ளது.

இறுதிக் காலம்

1805இல் ரம்ஃபோர்டு, பிரெஞ்சுப் புரட்சியின்போது கொல்லப்பட்ட வேதியியலாளர் லவாய்சியரின் மனைவி மேரி ஆனை மணந்தார். விருந்தினர்களை விரும்பிய மனைவிக்கும் தனிமையை விரும்பிய கணவருக்கும் ஒத்துவரவில்லை. 1809இல் இருவரும் பிரிந்தனர். பாரிசுக்கு அருகே ஓட்டெய் என்னும் ஊரில் ரம்ஃபோர்டு தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். 1812இல் காப்பி பற்றி எழுதிய கட்டுரையில், காப்பியைக் கொதிக்கவைத்தால் அதன் மணம் ஆவியுடன் போய்விடும் என்று காட்டி, வடிகட்டிப் பாத்திரங்களைப் பரிந்துரைத்தார். 1814 ஆகஸ்ட் 21 அன்று காலமானார். இவரது உடல் ஓட்டெயில் அடக்கம் செய்யப்பட்டது.

இக்காலப் புகையடுப்புகளில்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்த பார்பிக்யூ மரபும் அதற்கான புகையடுப்புகளும் ரம்ஃபோர்டின் கருவிகளிலிருந்து தோன்றியவை அல்ல. இவரது வாட்டடுப்பில் புகை இறைச்சியைத் தொடாது. புகையடுப்பிலோ புகையே சுவை தருகிறது. எனினும் இரண்டும் ஒரே இயற்பியலின்படி இயங்குகின்றன. 1952இல் சார்ச் இசுடீபன் கடல் மிதவையின் உலோகக் கோளத்திலிருந்து மூடியுள்ள கரியடுப்பை உருவாக்கியபோது, அதிலும் காற்றுத் துளைகளே வெப்பத்தை ஆண்டன.

ஆகவே புகையடுப்பைத் தெரிவு செய்வோர் கவனிக்கும் கூறுகள் ரம்ஃபோர்டு வகுத்தவற்றை ஒத்துள்ளன. மூடியும் கதவும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இல்லையெனில் துளைகளை மூடினாலும் நெருப்பு அடங்காது. கீழே காற்று நுழையவும் மேலே புகை வெளியேறவும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் தேவை. நீர்த்தட்டு வெப்பநிலை ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. கடினமான இறைச்சியை வேகவைக்க உள்ளே உள்ள காற்று பொதுவாக 107 முதல் 121 பாகை செல்சியசு வரை வைக்கப்படுகிறது.

வெப்பமானி அதைவிட இன்றியமையாதது. மூடியில் பொருத்தப்படும் முள் வெப்பமானி மூடியருகே உள்ள காற்றையே அளக்கிறது. இறைச்சி இருக்கும் தட்டின் வெப்பநிலை அதிலிருந்து பெரிதும் வேறுபடலாம். எனவே தட்டின் மட்டத்தில் ஒரு முனையும் இறைச்சியின் நடுவில் ஒரு முனையும் வைத்து அளப்பது நம்பகமானது. பனிக்கட்டி கலந்த நீரில் 0 பாகையும், கடல் மட்டத்தில் கொதிநீரில் 100 பாகையும் காட்டுகிறதா என்று வெப்பமானியை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சமைக்கும்போது இறைச்சியின் வெப்பநிலை 65 முதல் 75 பாகைக்குள் சில மணி நேரம் உயராமல் நிற்பதுண்டு. மேற்பரப்பு நீர் ஆவியாகிக் குளிர்விப்பதே இதன் காரணம். இதை அறியாதவர்கள், மூன்று மணி நேரத்தில் நம்பிக்கை இழந்த ரம்ஃபோர்டைப் போல, வெப்பம் போதவில்லை என்று கருதி நெருப்பைக் கூட்டிவிடுகின்றனர்.

ஆக்சுபோர்டு இயற்பியலாளர் நிக்கோலசு குர்த்தி 20ஆம் நூற்றாண்டில் ரம்ஃபோர்டின் சோதனையை மீண்டும் செய்து பார்த்தார். 2 கிலோகிராம் ஆட்டிறைச்சியை 80 பாகை செல்சியசு அடுப்பில் எட்டரை மணி நேரம் வைத்தபோது, அதன் உள்ளும் புறமும் ஏறத்தாழ 75 பாகையை அடைந்து, மென்மையாகவும் சாறு மிகுந்தும் இருந்தது.

நினைவு

ரம்ஃபோர்டு 1796இல் வழங்கிய நிதியைக் கொண்டு வேந்திய கழகமும் அமெரிக்கக் கலை அறிவியல் கழகமும் ரம்ஃபோர்டு பெயரிலான பரிசுகளை ஏற்படுத்தின. வேந்திய கழகத்தின் முதற் பதக்கம் இவருக்கே வழங்கப்பட்டது. இவர் விட்டுச்சென்ற செல்வத்தில் ஒரு பகுதியால் ஆர்வர்டில் ரம்ஃபோர்டு பேராசிரியர் பதவி உருவானது. இவருக்கு மியூனிக் நகரில் சிலை உண்டு; அதன் படி ஒன்று பிறந்த ஊரான ஓபர்னில் நிறுவப்பட்டுள்ளது. கைக்குழந்தையாக விட்டுச் சென்ற மகள் சாரா, 1796இல் இலண்டனில் தந்தையுடன் மீண்டும் சேர்ந்தார். அவர் 1852இல் காங்கார்டு நகரில் காலமானார்.