போர் நேரத்தில் ஏரி கேட்ட மேயர்: பூண்டிக்கு ஏன் சத்தியமூர்த்தி பெயர்?

மழைக்காலத்தில் ஆந்திராவின் அம்மபள்ளி அணையைத் திறந்தால், திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு கரைபுரளும். தரைப்பாலங்கள் மூழ்கும், கிராமங்களுக்கு பஸ் போகாது. ரெண்டு நாளில் அந்தச் செய்தியை எல்லோரும் மறந்துவிடுவோம். ஆனால் அந்தத் தண்ணீரின் பயணம் அங்கே முடிவதில்லை. அது கீழே பூண்டி ஏரியில் தேங்கி, சில மாதங்கள் கழித்து சென்னைக்குக் குடிநீராகப் போகிறது.

பூண்டி ஏரியின் முழுப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். சென்னையில் சத்தியமூர்த்தி பவன் இருப்பது பலருக்கும் தெரியும். ஒரு கட்சித் தலைவரின் பெயர் ஏரிக்கு எப்படி வந்தது?

யார் இந்த சத்தியமூர்த்தி?

1887 ஆகஸ்ட் 19 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திருமயத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து வக்கீல் ஆனார், சீக்கிரமே காங்கிரஸ் அரசியலுக்கு வந்துவிட்டார். சென்னை சட்ட மேலவையிலும் பிறகு டெல்லி மத்திய சட்டசபையிலும் பிரிட்டிஷ் அரசைக் கேள்விகளால் குடைந்தெடுத்தார். மேடைப் பேச்சில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தீரர் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. காமராஜரின் அரசியல் குருவும் இவர்தான்.

எல்லா விஷயத்திலும் காலத்தை முந்தி நின்றவர் என்று சொல்லிவிட முடியாது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி எடுத்த முயற்சியை எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். ஆனால் தண்ணீர் விஷயத்தில் கதை வேறு.

1939இல் என்ன பிரச்சினை?

அந்த ஆண்டு அவர் சென்னை மேயர் ஆனார். நகரம் கடுமையான தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்தது. 1931 கணக்கெடுப்பில் சுமார் 6.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1941இல் ஏறக்குறைய 7.8 லட்சம். தண்ணீருக்கோ செங்குன்றம், சோழவரம் ஏரிகளைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

சென்னைக்கு மழையே இல்லை என்பதல்ல சிக்கல். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும், அதை வைத்து மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு இந்த இரண்டு ஏரிகளுக்கும் திருப்பிவிட்டது. ஏரிகள் நிரம்பிவிட்டால்? மிச்ச வெள்ளம் நேராக எண்ணூரில் கடலுக்குப் போய்விடும். டிசம்பரில் கடலில் விட்ட தண்ணீரை மே மாதத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்?

தீர்வு எளிமையானதுதான். ஆற்றின் மேல்பகுதியிலேயே, சென்னைக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பூண்டியில், வெள்ளத்தைப் பிடித்து வைப்பது. கீழே உள்ள ஏரிகள் இறங்கும்போது அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவது.

அப்போ கட்ட வேண்டியதுதானே?

நேரம்தான் சரியில்லை. இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. இரும்போ பணமோ, எதுவானாலும் ராணுவத்துக்குத்தான் முதலில். புதிதாக ஏரி கட்ட அரசுக்கு விருப்பமில்லை. போதாததற்கு, இந்தியாவைக் கேட்காமலேயே போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939 கடைசியில் பதவி விலகியிருந்தன. எந்த அரசோடு மோதிக்கொண்டிருந்தாரோ, அதே அரசிடம்தான் சத்தியமூர்த்தி ஏரி கேட்டாக வேண்டும். மேயர் பதவிக்காலமோ ஒரே வருஷம்.

அவர் காத்திருக்கவில்லை. மாநகராட்சியைச் சம்மதிக்க வைத்தார், ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடமும் பேசி ஒப்புதல் வாங்கினார். 1940இல் அடிக்கல் நாட்டியாச்சு. சுமார் 65 லட்சம் ரூபாய் செலவில், போர் நடக்கும்போதே ஏரி எழும்பியது.

அவர் பார்க்காத ஏரி

1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சத்தியமூர்த்தி கைதானார். மத்திய மாகாணத்தில் உள்ள அமராவதி சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது, அதன்பின் உடம்பு தேறவே இல்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார், வயது 55. அதே ஆண்டு அக்டோபரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பூண்டி திறக்கப்பட்டது 1944இல்தான். அவர் பெயரை அதற்குச் சூட்டியது பின்னாளில்.

இன்னைக்கு பூண்டி போதுமா?

பூண்டியின் இப்போதைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 9,150 கோடி லிட்டர். நாளுக்கு 100 கோடி லிட்டர் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஏரி முழுசாக நிரம்பினாலும் சுமார் 90 நாள்தான் வரும். கோடை வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழித்தால் இன்னும் குறையும். எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நகரத்துக்காக யோசித்த ஏரி இது. 2011 கணக்கெடுப்பிலேயே சென்னைப் பெருநகரில் 86 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

இடையில் எதுவும் நடக்காமல் இல்லை. 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பிறகு வீராணம் நீரும், மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் சேர்ந்தன. ஆனால் சென்னைக்காகப் புதிதாகக் கட்டிய அடுத்த நீர்த்தேக்கம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை, 2020இல்தான் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பூண்டிக்கும் அதற்கும் இடையே 76 ஆண்டுகள்!

2015இல் வெள்ளம், 2019இல் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு வரிசை, 2023இல் மறுபடி வெள்ளம். காலநிலை மாற்றத்தால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும் என்கிறார்கள் அறிவியலாளர்கள். பெய்யும்போது பிடித்து வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தை ஏரியிலும், குளத்திலும், ஒவ்வொரு வீட்டின் மழைநீர்த் தொட்டியிலும் முன்கூட்டியே ஒதுக்கியாக வேண்டும். வசதியான நேரம் வரட்டும் என்று 1939இல் காத்திருந்தால் போர் முடிய இன்னும் ஆறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு வருஷப் பதவியில் இருந்தவர் எடுத்த முடிவில்தான் சென்னை எண்பது வருஷமாகத் தண்ணீர் குடிக்கிறது.